தாயார் வெல்லம்

எங்கள் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்கிறவன் எதையும் ருசி பார்க்கக் கூடாது. முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. பெருமாள் அமுது செய்வதற்கு முன்னால் ஒரு பருக்கை எங்கள் நாக்கில் பட்டுவிட்டால் அண்டா முழுவதையும் கவிழ்த்துவிட்டு, அடுப்பை மெழுகி, அரிசி களைவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஆகவே, சர்க்கரை வியாதிக்காரனை நம்பி விடக்கூடிய சமையலறை பூலோகத்தில் இது ஒன்றுதான் என்று சித்தூர் டாக்டரிடம் வாதாடினேன்.

டாக்டர் ஜெபதாஸ் பேனாவை மூடி வைத்தார்.

"இன்னா இன்னா செய்வீர்?"

"புளியோதரை, ததியோதனம், சர்க்கரைப் பொங்கல்."

"சர்க்கரைப் பொங்கல் எப்பப்போ?"

"தினம்தான்."

"பூஜை முடிஞ்சப்புறம் உமக்குப் பங்கு உண்டா?"

"உண்டு. பெரிய உருண்டை." கையால் அளவு காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

"ஐயங்காரே, ஒரு குடிகாரன் வந்து, 'நான் கள்ளுக்கடையிலதான் வேலை செய்யறேன், ஆனா கடை தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு தொடமாட்டேன்'னு சொன்னா, நீர் நம்புவீரா?"

"அவன் வைஷ்ணவனா இருந்தா நம்புவேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். வேறு வேலை பார்க்கச் சொன்னார். எனக்குத் தெரிந்த வேறு வேலை சாப்பிடுவது ஒன்றுதான், அதைத்தான் அவரே நிறுத்திவிட்டாரே என்றேன்.

இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலில். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அதற்கு முந்தைய வருஷம் வரை கீழ்த்திருப்பதிக் கல்யாணப் பந்திகளில் நான் உட்கார்ந்தால் பரிமாறுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மரியாதையால் அல்ல, பயத்தால். பதினேழு ஜாங்கிரி தின்றுவிட்டு, "பாயசம் எப்போ வரும்?" என்று கேட்ட வாய் இது. பிறகு திடீரென்று உடம்பு உருக ஆரம்பித்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன். குடித்ததெல்லாம் கொல்லைக்கே போயிற்று. நான் போன இடத்துக்கெல்லாம் எறும்பு வந்தது. "உங்களுக்கு முன்னாடி எறும்புக்குத் தெரிஞ்சுடுத்து" என்றாள் என் மனைவி கமலவல்லி. பாகாலா வழியாக ரயிலில் என்னைச் சித்தூருக்கு ஏற்றிக்கொண்டு வந்தபோது எனக்குப் பாதி நினைவு இல்லை.

மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். உயிர் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் வந்தது. அதன் பெயர் இன்சுலின். ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தவள் லோயிஸ் என்கிற நர்ஸ். என் தொடைக்கு முன்னால் ஒரு கத்திரிக்காயை என் கையில் கொடுத்தாள். குத்தினேன்.

"கத்திரிக்கா அழுதா?"

"இல்லை."

"அப்போ நீயும் அழாத சாமி. பல்லைக் கடிச்சிக்கினு குத்து."

குத்தினேன். கத்திரிக்காய்க்கு என்னைவிடத் தைரியம் அதிகம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஒரே ஒரு தடவை டாக்டரிடம் கேட்டேன்: "இந்த மருந்தை எதிலேர்ந்து எடுக்கறா?"

"சீமையிலிருந்து வருது."

"எந்த ஊர்லேர்ந்துன்னு கேக்கலை. எதிலேர்ந்துன்னு கேட்டேன். செடியா, ஜந்துவா?"

"நான் ஊரைத்தான் சொல்லுவேன்" என்று அவர் உத்தரத்தைப் பார்த்தார். நானும் உத்தரத்தைப் பார்த்தேன். அதற்குப்பின் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெருமாளுக்குத் தெரியும். அவர் இதுவரை ஒன்றும் கேட்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும் நாளில் டாக்டர் சொன்னது மட்டும் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "இது போற சீக்கு இல்ல. உம்ம கூடவே வந்துக்கினு இருக்கும். நீர் அதுக்கு ஒரு அடி முன்னாடி நடக்கணும். அது முன்னாடி போச்சுன்னா உம்மை இழுத்துக்கினு போயிடும்."

அன்று ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வியாதி என் ஜாங்கிரியைப் பிடுங்கியது, லட்டுவைப் பிடுங்கியது, பலாப்பழம், உருளைக்கிழங்கு, இரண்டாம் தடவை சாதம் எல்லாவற்றையும் பிடுங்கியது. சரி, எடுத்துக்கொள். கரண்டியை மட்டும் கொடுக்க மாட்டேன். ரேணிகுண்டா வரைக்கும் போகிற ரயிலில் திருப்பதியில் இறங்க மறக்காத அளவுக்குத் தெளிவோடு இந்தத் தீர்மானத்தைச் செய்தேன்.

வீட்டில் கமலவல்லி ராஜ்யம் ஆரம்பித்தது. தட்டானிடமிருந்து ஒரு சின்னத் தராசு வாங்கிவந்தாள். ஒரு வேளைக்கு ஐந்து வெள்ளி ரூபாய் எடை அரிசி. அதற்கு மேல் ஒரு மணி கூடாது. தட்டு ஆடி நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். மற்றபடி புடலங்காய், கொத்தவரங்காய், கீரை, மோர். அந்த ஒரு வருஷத்தில் நான் தின்ற கொத்தவரங்காயை வரிசையாக வைத்தால் திருமலைக்குப் படி கட்டலாம். மருந்துப் புட்டியை ஒரு தூக்குச் செம்பில் வைத்துக் கிணற்றுக்குள் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி வைத்தோம். வெயில் காலத்தில் வீட்டிலேயே குளிர்ச்சியாக வாழ்ந்தது அது ஒன்றுதான்.

காலையில் பரீட்சை. என் சிறுநீரில் எட்டுச் சொட்டு எடுத்து, டாக்டர் கொடுத்த நீல மருந்தில் விட்டு, கொல்லையில் ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் க்ஷேமம். பச்சையானால் கொஞ்சம் சர்க்கரை. மஞ்சள் என்றால் அதிகம். செங்கல் நிறம் என்றால் யாரோ திருட்டுத்தனமாக எதையோ தின்றிருக்கிறான் என்று அர்த்தம்.

"நீலம் வந்தாச்சு! பெருமாள் நிறம்!" என்று ஒருநாள் கூவினேன்.

"எதை எதோட சேர்த்துப் பேசறேள்? அபசாரம்! போய் வாயை அலம்புங்கோ" என்றாள். ஆனால் குழாயை வெளிச்சத்தில் பிடித்து அவளும் சிரித்ததைப் பார்த்தேன்.

இனி என் பெரியப்பா பிள்ளை ஸௌரிராஜன் அண்ணாவைச் சொல்ல வேண்டும். மடைப்பள்ளியில் எங்கள் இரு குடும்பத்துக்கும் பாத்தியம். மாதத்தில் ஒரு பக்ஷம் அவர் முறை, ஒரு பக்ஷம் என் முறை. திருநாள் என்றால் இருவரும். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். ஆசாரத்தில் நெருப்பு. ஈர வேஷ்டியின் நுனி வாசற்படியில் பட்டாலும் மறுபடி குளிக்கப் போகிறவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவர் செய்யும் புளியோதரை ஊரில் பிரசித்தம். அது அவருக்கும் தெரியும். ஆகவே பத்து வருஷமாக அதைக் கேலி செய்வதை நான் ஒரு கைங்கரியமாகவே நடத்திவந்தேன். "அண்ணா, நேத்திக்குப் புளியோதரை பிரமாதம். சுவத்துல பூசினா மழைக்குக் கூட நனையாது" என்பேன். அவர் கரண்டிதான் பதில் பேசும், அண்டாவின் விளிம்பில்.

நான் ஊசியோடு திரும்பிவந்ததும் அவர் நேராகத் தர்மகர்த்தா வேதாச்சல முதலியாரிடம் போனார். என்னையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

"தினம் ரத்தம் வர மாதிரி குத்திக்கறான். அதோட பெருமாள் தளிகையைத் தொடறதா?" என்றார் அண்ணா.

"குத்திண்டப்புறம் தீர்த்தமாடிட்டுத்தான் வரேன்" என்றேன்.

"திடீர்னு மயக்கம் போட்டுடுமாம். அண்டா மேல விழுந்தா? அத்தனையும் கொட்டணும். பெருமாள் பட்டினி."

அண்ணா சொன்னது உண்மை. ஊசி போட்டபின் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையையும் மருந்து விழுங்கிவிடும். வேர்க்கும், நடுங்கும், புத்தி மாறும், பிறகு ஆள் விழுவான். அந்த நிமிஷம் ஒரு கட்டி கல்கண்டு வாயில் போட்டால் போதும். ஆனால் மடைப்பள்ளிக்குள் வெளிப் பண்டம் வரக் கூடாது; பெருமாள் அமுது செய்த மிச்சமும் வரக் கூடாது. உள்ளே இருப்பதோ அத்தனையும் அவர் இன்னும் தொடாதது. ஒரு மூட்டை வெல்லத்துக்கு நடுவில் ஒரு விரல்நுனி வெல்லம் இல்லாமல் சாகக்கூடிய ஒரே இடமும் அதுதான். டாக்டரிடம் வாதாடியபோது இந்தப் பக்கத்தை நான் சொல்லவில்லை.

முதலியார் சித்தூர்ப் பக்கத்துக் குடிபாலாக்காரர். பொறுமைசாலி, பசி வராதவரை. "இன்னாய்யா நீங்க, ரெண்டு பேரும் அடிச்சிக்கினே இருந்தா எனக்கு வேற வேலை இல்லையா? ஒரு தீர்ப்பு சொல்றேன், கேட்டுக்குங்க" என்றார்.

தீர்ப்பு இதுதான். நான் முறை செய்யலாம். முதல் மணி அடித்து நான் ஊசி போட்டுக் குளித்து உள்ளே வந்தபின், தளிகை சந்நிதிக்குப் போகும்வரை மடைப்பள்ளி முற்றத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினாலும், உள்ளே விழுந்தாலும், என் முறை ஸௌரிராஜன் அண்ணாவுக்குப் போகும். எனக்குப் பின் என் வம்சத்துக்கும் கிடையாது. பங்குனி உத்திரம்வரை பார்ப்பது. அன்று திருக்கல்யாணம், பெரிய தளிகை. அதையும் தாண்டிவிட்டால் இந்தப் பேச்சே மறுபடி எழக் கூடாது.

முற்றத்தில் ஒரு பவழமல்லி மரம் உண்டு. அதில், காலையில் சந்நிதியில் காட்டி வாங்கிய கல்கண்டை முடிந்து தொங்கவிட அனுமதி கேட்டேன். அண்ணா தாமே மடைப்பள்ளி வாசற்படியிலிருந்து மரம்வரை நடந்து அளந்தார். இருபத்திரண்டு அடி. "சரி, முற்றத்துக்குள்ளதான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். அநியாயமாக எதையும் செய்யாத மனுஷர். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

"மூடி போட்ட செம்புல வெச்சுத் தொங்கவிடுங்கோ" என்றாள் கமலவல்லி.

"கை நடுங்கற நேரத்துல மூடியைத் திருகிண்டு நிக்கச் சொல்றியா? துணி முடிச்சுதான் சுலபம்" என்றேன். புத்திசாலி என்று நினைப்பு.

அவள் இன்னொன்றும் கண்டுபிடித்திருந்தாள். மடைப்பள்ளியில் ஐந்து கோட்டை அடுப்பு எரியும்போது எல்லாருக்கும்தான் வேர்க்கும். அண்டா தூக்கினால் எல்லாருக்கும்தான் கை நடுங்கும். தளிகை உள்ளே போகும்வரை அன்னம் தொடாதவர்கள் நாங்கள், காலையில் எனக்கு ஒரு சின்ன ஊசியும் ஒரு டம்ளர் பாலும், மற்றவர்களுக்கு அதுவும் இல்லை, எல்லாருக்கும்தான் பசி. டாக்டர் சொன்ன அடையாளம் ஒன்றும் அங்கே செல்லாது. "உங்களுக்குன்னு ஒரு அடையாளம் இருக்கு" என்றாள். "சர்க்கரை இறங்கினா நீங்க கேலி பண்றதை நிறுத்திடறேள். மரியாதையாப் பேசறேள். போன வாரம் என்னைப் பார்த்து, 'தேவி, உனக்கு ரொம்ப சிரமம் குடுக்கறேன்'ன்னேள். ஓடிப்போய்ச் சர்க்கரை எடுத்துண்டு வந்தேன்."

இதை அவள் எங்கள் மன்னியிடம், அதாவது ஸௌரிராஜன் அண்ணாவின் மனைவி ஸத்யபாமாவிடம், சொல்லிச் சிரித்திருக்கிறாள். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பங்குனி உத்திரம் வந்தது. அன்று சோதனைக் குழாயில் நல்ல நீலம். சகுனம் பார்த்து, தலையை நிமிர்த்திக்கொண்டு போனேன். இரண்டு அண்டா சர்க்கரைப் பொங்கல் என் பொறுப்பு. இரண்டு அண்டா புளியோதரை அண்ணா பொறுப்பு. மடைப்பள்ளிச் சுவரில் ஒரு மாடம். அதில் முழ உயரத்தில் கல்லாலான தாயார், நூறு வருஷத்துப் புகையில் கறுத்தவள். தளிகை தொடங்கும்போது அவளுக்கு ஒரு விளக்கு ஏற்றுவோம். நைவேத்தியம் தனியாக இல்லை. சமைக்கிறவர்கள் ஒழுங்காகச் சமைக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை. அன்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணிக்கு முதல் மணி அடித்தது. முதல் மணி என்றால் அரை மணியில் தளிகை உள்ளே போகும். அதற்கு அரை மணி கழித்து நான் வீட்டில் இலை முன்னால் இருப்பேன். வீட்டுக்கு ஓடினேன். கமலவல்லி ஊசியைக் கொதிக்கவைத்துத் தயாராக வைத்திருந்தாள். பன்னிரண்டு யூனிட் போட்டுக்கொண்டேன். கிணற்றடியில் நாலு குடம் கொட்டிக்கொண்டு ஈர வேஷ்டியோடு மடைப்பள்ளிக்குத் திரும்பினேன்.

அப்போது வேதாச்சல முதலியார் முற்றத்து வாசலில் வந்து நின்றார்.

"கொஞ்சம் பொறுங்க சாமிகளா. ஜமீன்தார் வந்துக்கினு இருக்காரு. அவரு வராம திரை போடக் கூடாது."

"எங்கே வந்துண்டிருக்கார்?" என்றார் அண்ணா.

"ஏர்பேடாண்ட வந்துட்டாராம்."

"அது முப்பது நிமிஷம் ஆகுமே."

"டயர் வெடிச்சிப்போச்சாம். இன்னும் கொஞ்சம் ஆகும்" என்றுவிட்டு முதலியார் முன்வாசலுக்குப் போனார். காவல்காரன் கங்கையாவையும் கூட்டிக்கொண்டு போனார், கார் வந்தால் கூட்டத்தை விலக்க. மற்ற நாளில் கங்கையா உட்கார்ந்திருப்பது பவழமல்லி மரத்தடியில்.

போட்ட ஊசியைத் திருப்பி உறிஞ்ச முடியாது. மணி பதினொன்றே முக்கால். பொங்கல் அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கிளறினேன். நெய் மிதந்தது, முந்திரி மிதந்தது, ஏலக்காய் வாசனையை முகரக் கூடாது என்று வாயால் மூச்சு விட்டேன். வேர்த்தது. அடுப்பு, வேர்க்கத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டேன். கை நடுங்கியது. அண்டா கனம். பன்னிரண்டு ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று.

அப்போது எனக்கு உலகத்தின்மேல் பெரிய மரியாதை வந்தது.

கரண்டியைப் பார்த்து எத்தனை பொறுமை இதற்கு என்று நினைத்தேன். விறகு நமக்காகத்தானே எரிகிறது என்று கண் கலங்கியது. அப்போதும் புத்தியில் ஒரு மூலை முழித்துக்கொண்டிருந்தது. அது கமலவல்லியின் குரலில், "போங்கோ, மரத்துக்குப் போங்கோ" என்றது. கரண்டியை வைத்துவிட்டு எண்ணிக்கொண்டே நடந்தேன். பதினான்கு, பதினைந்து. பதினைந்து இரண்டு தடவை வந்தது. மரத்தை அடைந்தேன். கிளை இருந்தது. முடிச்சு இல்லை.

மதில்மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது. துணியை விரித்து மடியில் வைத்துக்கொண்டு, கடைசிக் கல்கண்டைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டிருந்தது. திருப்பதிக் குரங்கு துணி முடிச்சு அவிழ்க்கும் என்பது பால் குடிக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் நான் புத்திசாலி.

குரங்கைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி, "தேவரீர் அமுது செய்யணும்" என்றேன். இதை முற்றத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்த தவில்காரர் பார்த்து இன்றுவரை ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டுக்கு ஓடியிருக்கலாம். இரண்டு வீதி. ஆனால் முற்றத்தைத் தாண்டினால் முறை போச்சு என்ற ஒரே வாக்கியம் மண்டையில் ஆணியாக நின்றது. மற்ற வாக்கியங்களெல்லாம் கழன்று விழுந்துவிட்டன. திரும்பி நடந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு மடைப்பள்ளிக்குள் வந்தேன். அண்ணாவின் எதிரில் நின்றேன்.

"அண்ணா, உங்களை இத்தனை வருஷமா கேலி பண்ணிண்டிருந்தது மகா அபசாரம். க்ஷமிக்கணும்."

அவர் நிமிர்ந்தார். "என்னடா, நேரங்கெட்ட நேரத்துல விளையாட்டு?"

"விளையாட்டில்லை. உங்க புளியோதரை மாதிரி இந்தத் தேசத்துலயே கிடையாது. பெருமாள் அதுக்காகத்தான் இங்கே நிக்கறார்."

அவர் கையிலிருந்த கரண்டி விழுந்தது. பத்து வருஷம் அவர் காத்திருந்த வார்த்தை அது. கேட்டதும் அவர் முகம் வெளுத்ததாம். பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள்.

"பாமா சொன்னாளே" என்று மட்டும் முணுமுணுத்தார். என் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, தரதரவென்று இழுத்து, வாசற்படிக்கு வெளியே, முற்றத்துக் கல்லில் உட்காரவைத்தார். இனி நடந்ததைப் பாதி நான் பார்த்தேன், பாதி கேள்விப்பட்டேன். அவர் உள்ளே போனார். பொங்கலுக்குப் பொடித்து மீந்திருந்த வெல்லம் ஒரு தாம்பாளத்தில் இருந்தது. ஒரு கை அள்ளிச் சின்னக் கிண்ணத்தில் போட்டார். மாடத்துத் தாயார் முன்னால் வைத்தார். மாடத்துக்குத் திரை இல்லை. தம் அங்கவஸ்திரத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்து, இரண்டு நுனியையும் உயர்த்திப் பிடித்துத் திரையாக்கிக்கொண்டு, கண்ணை மூடி மந்திரம் சொன்னார். அவசரம் என்பதற்காக ஒரு எழுத்தை விழுங்கவில்லையாம். பிறகு, மந்திரம் அல்லாத ஒன்றையும் சொன்னார்:

"அம்மா, பசியில விழற குழந்தைக்கு நீ முன்னாடி ஊட்டினா அவர் ஒண்ணும் சொல்லமாட்டார். சொன்னா நீ பார்த்துக்கோ."

நைவேத்தியம் என்றால் மணி அடிக்க வேண்டும். அவருக்கு எதுவும் முறைப்படிதான். ஆகவே மடைப்பள்ளிக் கைமணியை எடுத்துக் கணகணவென்று அடித்தார்.

அந்த மணிக்காகக் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்த கூட்டம் வெளியே. தளிகை கிளம்பிவிட்டது என்று நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்தார், தவில் கொட்டியது, சந்நிதியில் அர்ச்சகர் திடுக்கிட்டுத் திரையை இழுத்தார், ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இந்த ஆரவாரத்துக்கு நடுவில் அண்ணா என் வாயைத் திறந்து வெல்லத்தைத் திணித்தார். கன்னத்தின் உள்பக்கம் விரலால் தேய்த்தார். எச்சில்! ஈர வேஷ்டிநுனிக்கே மறுகுளியல் போடுகிறவர்.

"முழுங்குடா. முழுங்கு, படவா. உயிரோட இருந்து என்னைத் திட்டு."

முழுங்கினேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு வெல்லம். இன்னொரு பிடி வந்தது. அதையும்.

முதலியார் வேஷ்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "யாருய்யா மணி அடிச்சது? ஜமீன்தார் இன்னும் வரலை! யாரு அடிச்சது?"

"நான்தான்" என்றார் அண்ணா.

"ஏன்?"

"உத்திரத்தன்னிக்கு மடைப்பள்ளித் தாயாருக்கு முதல்ல வெல்லம் கண்டருளப் பண்றது வழக்கம்."

"நான் தர்மகர்த்தாவா எட்டு வருஷமா இருக்கறேன். ஒரு தடவையும் கண்டதில்லையே?"

"நீர் எட்டு வருஷமா இருக்கீர். தாயார் எத்தனை வருஷமா இருக்கா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் சொல்லும் பொய்க்கு ஒரு கம்பீரம் உண்டு. முதலியார் அடுத்து என்னைப் பார்த்தார். "இவன் ஏன் கீழே உக்காந்துக்கினு இருக்கான்? மயக்கமா?"

"தாயார் பிரசாதம் வாங்கிண்டிருக்கான். உக்காந்துதானே வாங்கணும்? உள்ளே விழலை. முற்றத்தையும் தாண்டலை. அளந்து பார்க்கறீரா?"

நாதஸ்வரம் நடக்கும்போது தளிகையை நிறுத்த முடியாது. எல்லாருமாக அண்டாவுக்குக் கை கொடுத்தார்கள். நான் எழுந்து நின்றபோது கால் எனக்குச் சொந்தமாகிவிட்டிருந்தது. என் பொங்கல் அண்டாவின் ஒரு காதை நானே பிடித்தேன். மறு காதை அண்ணா பிடித்தார். சந்நிதி நடையில் பாதி தூரம் போனதும் எனக்குத் தெளிந்தது.

"அண்ணா, உங்க புளியோதரையைப் பத்தி ஏதோ சொன்னேன் போலிருக்கே?"

"சொன்னே."

"அதை வாபஸ் வாங்கிக்கறேன். சுவத்துக்குத்தான் அது லாயக்கு."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சரியாயிடுத்து" என்றார், அண்டாவிடம்.

ஜமீன்தார் ஒரு மணிக்கு வந்தார். வெயிலில் டயரோடு போராடிப் பசித்து வந்த மனுஷருக்குத் தரிசனத்தைவிடப் பிரசாதம் தயாராக இருந்தது பிடித்துப்போயிற்று. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஏற்பாடு பிரமாதம் என்று முதலியார் முதுகில் தட்டினார். அதன்பின் முதலியார் என் முறையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அன்று வீட்டில் ஐந்து ரூபாய் எடை சாதத்தை என் எதிரில் வைத்த கமலவல்லி, நான் அதை முடிக்கும்வரை விசிறிக்கொண்டிருந்தாள். பிறகு, "நாளைலேர்ந்து செம்பு. மூடி போட்ட செம்பு" என்றாள். "ஆகட்டும் தேவி" என்றேன். சர்க்கரையை எடுக்க ஓடினாள். வேண்டுமென்றேதான் சொன்னேன் என்று நம்பவைக்க வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த மாதம் சித்தூரில் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் ஜெபதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்; சிரித்துத்தான். "இனிமே மணியை நம்பாதீர், ஜமீன்தாரை நம்பாதீர். அண்டா உள்ளே போனதைக் கண்ணால பார்த்தப்புறம் வீட்டுக்குப் போய் ஊசி போடும். சாப்பாடு அரை மணி தாமதமானா ஆகட்டும்" என்று சீட்டில் எழுதினார். அப்படியே செய்கிறேன். வேலையை விடச் சொல்லி அவர் மறுபடி எழுதவில்லை.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷமாகிறது. உத்திரத்துக்கு மட்டும் என்று ஆரம்பித்தது மறுநாளே தினப்படி ஆகிவிட்டது. தளிகை தொடங்கும்போது மாடத்துத் தாயாருக்கு ஒரு கிண்ணம் வெல்லம். கண்டருளப் பண்ணினதும் அதை வாசற்படிக்கு வெளியே, மூடி போட்டு வைத்துவிடுவது. ஸௌரிராஜன் அண்ணா முறையிலும் உண்டு, என் முறையிலும் உண்டு. 'தாயார் வெல்லம்' என்று பெயர். பிள்ளை பெறப் போகும் பெண்கள் வந்து கேட்டு வாங்கிப் போகிறார்கள். போன தை மாதம் ஒரு பெரியவர், இந்த வழக்கத்தை முன்னூறு வருஷத்துக்கு முன் ஓர் ஆசாரியர் ஏற்படுத்தினார் என்று என்னிடமே விளக்கினார். கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். எனக்கு அது உதவியது இதுவரை நாலு தடவை.

அண்ணா மாறவில்லை. இன்றும் சிரிப்பதில்லை. இன்றும் என் வேஷ்டிநுனியைப் பார்த்து முகம் சுளிக்கிறார். என் முறை நாளில் அவருக்கு மடைப்பள்ளியில் வேலையே கிடையாது. ஆனாலும் தளிகை கிளம்புவதற்குச் சற்று முன் முற்றத்தில் வந்து நின்று, பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கேட்கிறார்:

"ஏண்டா, என் புளியோதரை எப்படி?"

"மாடு தின்னுமான்னு கேட்டுச் சொல்றேன்."

தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். நாளைக்கும் வருவார். நாளைக்கு என்ன சொல்வது என்று இன்றே யோசித்துக்கொண்டிருக்கிறேன்; கொத்தவரங்காய் தின்றுகொண்டே.